எலும்பை ஆராய எம்.ஆர்.ஐ எடுப்பதா, மைக்ரோ சி.டி.யோடு நிறுத்திக்கொள்வதா?

போன மாதம் ஒரு ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். "அக்கா, சர்க்கரை நோய் உண்டாக்கின எலி 24, ரெண்டு பக்கத் தொடை எலும்பும் ஃப்ரீஸர்ல இருக்கு. கைடு எம்.ஆர்.ஐ பண்ணச் சொல்றார். பக்கத்து லேப் அண்ணன் மைக்ரோ சி.டி. போதும்கிறார். எதைப் பண்றது?" (மைக்ரோ சி.டி. என்றால் சின்ன மாதிரிகளை மிக நுணுக்கமாகக் காட்டும் எக்ஸ்ரே சி.டி.) இந்த வருடத்தில் இதே கேள்வி என்னிடம் வருவது மூன்றாவது தடவை. ஒருவர் பல் மருத்துவம், இன்னொருவர் சிறுநீரக நோயாளிகளின் எலும்பைப் பார்ப்பவர், இப்போது இவள். போனில் அவசரமாகச் சொன்னதில் பாதி விட்டுப்போயிருக்கும் என்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

"எம்.ஆர்.ஐயில் எலும்பு தெரியாது" என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். சாதாரண ஸ்கேனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் ஏன் தெரியாது என்ற காரணத்திலேயே, எப்போது எம்.ஆர்.ஐக்குப் போகலாம் என்ற பதிலும் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

## எலும்புக்குள் இருக்கும் ஈரம்

கெட்டி எலும்பில், அதாவது எலும்பின் வெளிச்சுவரில், எடைக் கணக்கில் ஏறக்குறைய 65 சதவீதம் தாது, 25 சதவீதம் கொலாஜன் முதலான கரிமப் பொருள், 10 சதவீதம் நீர். கனஅளவில் பார்த்தால் நீரின் பங்கு ஐந்தில் ஒன்றை எட்டிவிடும். கல் மாதிரி இருக்கும் ஒரு பொருளில் இவ்வளவு நீர் இருப்பது முதல் தடவை கேட்கும்போது நம்ப முடியாமல்தான் இருக்கும்.

அந்த நீர் இரண்டு விதம். ஒன்று கொலாஜனோடும் தாதுவோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிணைநீர். (அந்தக் கொலாஜனின் மூவிழை அமைப்பை 1954-ல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எலும்பு வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.) இன்னொன்று நுண்துளைகளில் நிற்கும் துளைநீர். எலும்பு நுண்துளை விட்டு மெலியும்போது துளைநீர் கூடும். கொலாஜன் குறைந்தாலோ கெட்டாலோ பிணைநீர் மாறும்.

எம்.ஆர்.ஐ பார்ப்பது ஹைட்ரஜனை. நீரில் ஹைட்ரஜன் உண்டு, அப்படியானால் எலும்பு ஏன் கறுப்பாக வருகிறது? சிக்னல் வராமல் இல்லை, வந்த வேகத்தில் செத்துவிடுகிறது. பிணைநீரின் டி2 ஸ்டார், அதாவது சிக்னல் தேய்ந்துபோகும் காலம், 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) மெஷினில் சுமார் 0.4 மில்லி செகண்ட். சாதாரண ஸ்பின் எக்கோ சீக்வென்ஸ் (சீக்வென்ஸ் என்பது மெஷின் எப்போது துடிப்பு கொடுத்து எப்போது கேட்க வேண்டும் என்ற நிரல்) சிக்னலைக் கேட்கத் தொடங்குவதே 10 மில்லி செகண்டில். அதற்குள் 25 தேய்மானக் காலம் கடந்து, மீதி எதுவுமே இருக்காது. 2 மில்லி செகண்டில் கேட்டாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 0.05 மில்லி செகண்டில் கேட்டால் 88 சதவீதம் அப்படியே கையில் இருக்கும். எலும்பு எம்.ஆர்.ஐ என்ற முழுத் துறையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. தேய்வதற்குள் கேட்டுவிடுவது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரே வகைகள் எல்லாம் பார்ப்பது தாதுவை. கொலாஜனும் நீரும் அதற்கு ஏறக்குறைய இல்லாத மாதிரி. ஆகவே உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி தாதுவைப் பற்றியதா, ஈரத்தைப் பற்றியதா என்பதை மெஷினைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்னிடம் வந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதை எழுதியிருக்கவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்க்கிறேன். அந்த முறை உண்மையில் எதை அளக்கிறது. எவ்வளவு சின்னதைப் பிரித்துக் காட்டும். உயிருள்ள மனிதரிலோ விலங்கிலோ திரும்பத் திரும்ப எடுக்க முடியுமா. மாதிரியை எப்படிப் பாதுகாக்க வேண்டும். கடைசியாக, வெளியே சொல்லாத செலவு, அதாவது யாருடைய உதவி, எந்த மென்பொருள், எத்தனை மாதம். இந்த ஐந்தாவதில்தான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்பார்கள், அந்த மெஷினில் உங்களுக்கு வேண்டிய சீக்வென்ஸ் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

## மைக்ரோ சி.டி.

எதை அளக்கிறது: தாதுவின் வடிவத்தையும் அடர்த்தியையும். ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பின் தாது) ஃபேன்டமை, அதாவது அடர்த்தி தெரிந்த ஒப்பீட்டுக் கட்டையை, வைத்து அளவுதிருத்தம் செய்துகொண்டால் ஒரு கன சென்டிமீட்டரில் எத்தனை மில்லிகிராம் தாது என்று எண்ணாகவே கிடைக்கும்.

தெளிவு: 5 முதல் 20 மைக்ரோமீட்டர். சுண்டெலியின் பஞ்சு எலும்பில் (எலும்பின் உள்ளே வலை மாதிரி இருக்கும் பகுதி) ஒரு தூணின் தடிமன் 50 மைக்ரோமீட்டர் அளவுதான், அதை அழகாகக் காட்டும். மனித எலும்பின் ஹேவர்சியன் கால்வாய்களும் (இரத்தக் குழாய் ஓடும் நுண்துளைகள்) தெரியும். எந்த எம்.ஆர்.ஐயும் இதன் பக்கத்தில் வராது, இதில் விவாதமே வேண்டாம்.

நல்லது என்ன: முறை முதிர்ந்துவிட்டது. எதை அளக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு 2010-ல் வந்த வழிகாட்டுதல்களை ஆய்வேடு படிப்பவர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். அலசுவதற்கு போன்ஜே மாதிரி இலவச மென்பொருளும் உண்டு.

மறைந்த செலவு: எது எலும்பு, எது எலும்பில்லை என்று கோடு போடும் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் தூணின் தடிமன் மாறிவிடும். அந்த எல்லையை முதலிலேயே தீர்மானித்து எல்லா மாதிரிக்கும் ஒன்றே வைக்க வேண்டும். டேட்டாவும் பெரிசு. ஒரு பக்கத்துக்கு 2000 படப்புள்ளி வீதம் கனசதுரமாக எடுத்தால் ஒரு எலும்புக்கு 16 ஜி.பி. 48 எலும்பு என்றால் வட்டு வாங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். உயிருள்ள எலியில் வாராவாரம் எடுப்பதாக இருந்தால் கதிர்வீச்சே எலும்பைப் பாதிக்கலாம், அதற்கு ஒரு தனிக் கட்டுப்பாட்டுக் குழு வேண்டும்.

மனிதரில் இதன் தம்பி எச்.ஆர். பி.க்யூ.சி.டி. மணிக்கட்டையும் கீழ்க்காலையும் 61 மைக்ரோமீட்டர் வோக்ஸலில் (முப்பரிமாணப் படப்புள்ளி) எடுக்கும், கதிர்வீச்சு 3 முதல் 5 மைக்ரோசீவர்ட். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாலே இயற்கையில் இருந்து இதைவிடக் கொஞ்சம் அதிகம் நம் மேல் விழுகிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "எம்.ஆர்.ஐயில் கதிர்வீச்சு இல்லை" என்பதை மட்டும் காரணமாக வைத்து, வளர்ந்தவர்களின் கை கால் எலும்புக்கு எம்.ஆர்.ஐ கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வாதம் அங்கே நிற்காது. இடுப்பு, முதுகெலும்பு, குழந்தையின் தலை என்று வரும்போதுதான் அதற்குக் கனம் வரும்.

## வழக்கமான உயர் தெளிவு எம்.ஆர்.ஐ

இதில் எலும்பு கறுப்பாகத்தான் வரும், சுற்றியிருக்கும் மஜ்ஜை வெள்ளையாக வரும். வெள்ளையின் நடுவே கறுப்பை வைத்துப் பஞ்சு எலும்பின் வலையை அளப்பது வழி. பென்சில்வேனியாவில் ஃபீலிக்ஸ் வெர்லியின் குழுவும், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஷர்மிளா மஜும்தாரின் குழுவும் இதை வெகுதூரம் கொண்டுபோனார்கள்.

சிக்கல், தளத்தில் 150 மைக்ரோமீட்டர் அளவுக்குத்தான் போக முடிகிறது, துண்டின் தடிமன் அதைப்போல மூன்று மடங்கு. மனிதத் தூணின் தடிமனே 100 முதல் 200 மைக்ரோமீட்டர். அப்புறம் கிரேடியன்ட் எக்கோ என்ற வகை சீக்வென்ஸில் எடுத்தால் எலும்புக்கும் மஜ்ஜைக்கும் உள்ள காந்த ஏற்புத்திறன் வித்தியாசத்தால் தூண்கள் உள்ளதைவிடத் தடியாகத் தெரியும். பத்து நிமிஷத்துக்கு மேல் கால் அசையாமல் இருக்க வேண்டும். எச்.ஆர். பி.க்யூ.சி.டி. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இன்றைக்கு நான் இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். இடுப்பு எலும்பின் உள்வலை வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம், ஏனென்றால் அங்கே அந்த மெஷினை நுழைக்க முடியாது.

## யு.டி.இ

யு.டி.இ என்றால் அல்ட்ராஷார்ட் எக்கோ டைம், அதாவது சிக்னல் தேய்வதற்குள் மிகச் சீக்கிரம் கேட்கும் எம்.ஆர்.ஐ.

எதை அளக்கிறது: பிணைநீரையும் துளைநீரையும். ரேடியோ அலைத் துடிப்பு முடிந்த சில பத்து மைக்ரோசெகண்டிலேயே, கே-வெளியின் (படமாக்கும் முன் சிக்னலை நிரப்பும் கட்டம்) நடுவில் இருந்து வெளியே ஆரம் ஆரமாகச் சிக்னலை வாங்கிக்கொண்டு போகும்.

தெளிவு: மனிதரில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர். விலங்குகளுக்கான 7 அல்லது 9.4 டெஸ்லா மெஷினில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரை இறங்கலாம். 50 மைக்ரோமீட்டர் கால்வாயை இது பிரித்துக் காட்டாது. அதில் நிற்கும் நீரை எல்லாம் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத துளையைக்கூட அளக்க முடிவது இதனால்தான்.

ஏன் இதற்கு மதிப்பு: வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் டோஸ், ஜெஃப்ரி நைமன் குழுவினர் 2011-ல் மனிதத் தொடை எலும்புத் துண்டுகளை என்.எம்.ஆரில் (எம்.ஆர்.ஐயின் அடிப்படையான காந்த ஒத்ததிர்வு முறை, படமில்லாமல் சிக்னலை மட்டும் அளப்பது) வைத்து அளந்து, அப்புறம் வளைத்து ஒடித்துப் பார்த்தார்கள். பிணைநீர் கூடக்கூட எலும்பு வலுவாக இருந்தது, துளைநீர் கூடக்கூட வலுவிழந்தது. நுண்ணிய எக்ஸ்ரே அளவுகளைவிட இந்த நீர் அளவுகள் வலிமையோடு நன்றாகப் பொருந்தின. அதற்கு முன்பே, 2008-ல், வெர்லி குழு டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கீழ்க்கால் எலும்பில் நீரை அளந்தபோது, மாதவிடாய் நிற்காத ஆரோக்கியமான பெண்களைவிட இருமடங்குக்கும் மேல் இருந்தது. தாது அடர்த்தியில் தெரிந்த மாற்றம் அதைவிட மிகச் சிறியது. சிறுநீரக நோயாளிகளைப் பற்றிக் கேட்டவருக்கு நான் தயங்காமல் யு.டி.இ சொன்னது இதனால்தான்.

எளிய வழி ஒன்றும் உண்டு. 50 மைக்ரோசெகண்டில் ஒரு தடவை, 2 மில்லி செகண்டை ஒட்டி இன்னொரு தடவை எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் நுண்துளைக் குறியீடு கிடைக்கும், ஏனென்றால் இரண்டாவதில் பிணைநீர் தேய்ந்து துளைநீர் மட்டும் மிஞ்சியிருக்கும். 3 டெஸ்லாவில் நீரும் கொழுப்பும் அதிர்வெண்ணில் 440 ஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால் 2.3 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரே கட்டத்துக்கு வரும். இரண்டாவது எக்கோவை அங்கே வைத்தால் மஜ்ஜைக் கொழுப்பின் தொல்லை குறையும்.

மறைந்த செலவு: இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் முதல் தடவை செய்தபோது கசாப்புக் கடையில் வாங்கிய மாட்டுத் தொடை எலும்பைக் குறுக்கே வெட்டி, மஜ்ஜையை வழித்து, பிளாஸ்டிக் குழாயில் போட்டு, ஆடாமல் இருக்கக் கீழே ஸ்பாஞ்சு வைத்து ஸ்கேன் செய்தேன். சாதாரண சீக்வென்ஸில் வெறும் கறுப்பு வளையம். யு.டி.இ போட்டதும் அந்த வளையம் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்ததைப் பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. அடுத்த நிமிஷமே கவனித்தேன், எலும்போடு சேர்ந்து ஸ்பாஞ்சும் வெள்ளையாக இருக்கிறது, குழாய் மூடி தெரிகிறது, ஒட்டியிருந்த டேப் தெரிகிறது, படத்தின் ஓரத்தில் சிக்னலைப் பிடிக்கும் காயிலின் பிளாஸ்டிக் உடம்பே மங்கலாகத் தெரிகிறது. பிளாஸ்டிக்கிலும் ஹைட்ரஜன் இருக்கிறது, அதுவும் சீக்கிரம் தேய்கிற வகை. வேறு சீக்வென்ஸில் கண்ணுக்கே வராத அத்தனையும் இங்கே எலும்பாக நடிக்கும். அன்றிலிருந்து டெஃப்ளான் குழாய்தான், அதில் ஹைட்ரஜன் இல்லை.

இரண்டாவது பாடம் ஈரம். காயிலைச் சரிசெய்துகொண்டிருந்த நேரம் முழுவதும் ஒரு எலும்பை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டேன். ஏ.சி. அறை. அந்த எலும்பின் துளைநீர் மற்ற எதோடும் ஒத்துப்போகவில்லை, அந்த அளவை முழுக்கத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. உப்புக் கரைசலில் நனைத்த துணியில் சுற்றி, கடைசி நிமிஷத்தில்தான் பிரிக்க வேண்டும். ஸ்கேன் நீளமாக இருந்தால் ஃபோம்ப்ளின் என்ற ஹைட்ரஜன் இல்லாத திரவத்தில் மூழ்கடித்துவிடலாம், காயாது, காற்றுக்குமிழியால் வரும் கோணலும் குறையும்.

மூன்றாவது, ஆள். மருத்துவமனை 3 டெஸ்லா மெஷின்கள் பலவற்றில் யு.டி.இ தயாராக வராது. தயாரிப்பு நிறுவனத்தோடு ஆராய்ச்சி ஒப்பந்தம் வேண்டும், அல்லது பல்ஸ்செக் மாதிரி திறந்த மென்பொருளில் சீக்வென்ஸ் எழுதத் தெரிந்தவர் வேண்டும். கிரேடியன்ட், அதாவது சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று குறிக்கும் துணைக் காந்தப்புலம், ஒரு சில மைக்ரோசெகண்ட் தாமதித்தாலே ஆர வடிவப் படம் மங்கிவிடும், அதை அளந்து திருத்த ஒரு இயற்பியலாளர் பக்கத்தில் வேண்டும். எண்ணாக நீரளவு சொல்ல ஒப்பீட்டுக் குழாயும் வேண்டும்: கன நீர் கலந்த நீரில் மாங்கனீஸ் குளோரைடு கரைத்து, எலும்பைப் போலவே வேகமாகத் தேயும்படி செய்வது. இத்தனைக்கும் சேர்த்து ஆறு மாதம் ஒதுக்குங்கள். எனக்கு அதற்கு மேலும் ஆனது.

எங்கே வேண்டாம்: பஞ்சு எலும்பு. ஒரே வோக்ஸலுக்குள் எலும்பும் மஜ்ஜையும் கலந்துவிடும், எண்ணுக்கு அர்த்தம் சொல்வது கடினம். முதுகெலும்பில் ஆரம்பிக்காதீர்கள். கெட்டி எலும்பு தடிமனாக இருக்கும் கீழ்க்கால் நடுப்பகுதிதான் இதற்குப் பொருத்தமான இடம்.

## ஸீரோ டி.இ.

ஸீரோ எக்கோ டைம், யு.டி.இ.யின் நெருங்கிய உறவு. இதில் கிரேடியன்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேடியோ அலைத் துடிப்பைக் கொடுப்பார்கள், சிக்னல் வந்த கணமே இடத்தைக் குறிக்கும் வேலை தொடங்கிவிடும். கிரேடியன்ட் அதிகம் ஏறி இறங்காததால் மெஷின் ஏறக்குறைய சத்தமே போடாது. குழந்தையை ஸ்கேன் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

எதை அளக்கிறது: முதன்மையாக வடிவத்தை. கறுப்பு வெள்ளையைத் திருப்பிப் போட்டால் சி.டி. மாதிரியே படம் வரும். தோள்பட்டைக் குழியில் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, குழந்தையின் மண்டையோட்டுத் தையல் மூடிவிட்டதா என்பதற்கெல்லாம் இது சி.டி.க்கு மாற்றாக வந்துகொண்டிருக்கிறது.

மறைந்த செலவு: துடிப்பின் கோணம் சில டிகிரிக்கு மேல் போக முடியாது, ஆகவே படத்தின் சாயலை விரும்பியபடி மாற்ற இடமில்லை. பிணைநீர், துளைநீர் என்று பிரிப்பது யு.டி.இ அளவுக்கு எளிதில்லை. கே-வெளியின் நடுப்புள்ளிகள் தவறிப்போகும், அதை நிரப்பத் தனி உத்தி வேண்டும்; 2012-ல் வந்த பெட்ரா என்ற சீக்வென்ஸ் அந்த நடுப்பகுதியை மட்டும் புள்ளி புள்ளியாகத் தனியே எடுக்கிறது. காற்றும் எலும்பும் அருகருகே இருக்கும் சைனஸ் மாதிரி இடங்களில் இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

பல்லுக்கும் இந்த வகைதான். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 2006-ல் வந்த ஸ்விஃப்ட் முறையை அவர்களே பல்லில் பயன்படுத்திக் காட்டினார்கள். டென்டினும் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் உடல்) அதைச் சுற்றிய மென்திசுவும் ஒரே படத்தில் கிடைப்பது எக்ஸ்ரேயால் முடியாதது. எனாமல் மட்டும்தான் கேள்வி என்றால் மைக்ரோ சி.டி.க்கே போங்கள். அதில் 96 சதவீதம் தாது, எம்.ஆர்.ஐக்குப் பிடிக்க அங்கே பெரிதாக ஈரம் இல்லை.

## பாஸ்பரஸ் எம்.ஆர்.ஐ

தாதுவையே எம்.ஆர்.ஐயில் பார்க்கும் வழி. ஹைட்ராக்ஸிஅபடைட்டில் பாஸ்பரஸ் இருக்கிறது, இயற்கையில் அது முழுக்க முழுக்க பாஸ்பரஸ்-31. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் அதன் உணர்திறன் 6.6 சதவீதம். ஒரு தடவை கிளறிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பத்துக்கணக்கான செகண்ட் ஆகும், கிளம்பிய சிக்னலோ மைக்ரோசெகண்டுகளில் செத்துவிடும். 3 டெஸ்லாவில் ஹைட்ரஜன் 127.7 மெகாஹெர்ட்ஸில் இருக்க, இது 51.7-ல் இருக்கும், அதற்கென்று தனிக் காயிலும் தனிப் பெருக்கியும் வேண்டும். பல மெஷின்களில் அந்தப் பெருக்கியே வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு இது? ஆஸ்டியோமலேசியாவுக்கு. எலும்புப்புரையில் எலும்பே குறைகிறது, ஆஸ்டியோமலேசியாவில் கொலாஜன் இருக்கிறது, தாது சேரவில்லை. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் இரண்டும் ஒரே மாதிரி குறைவாகத்தான் தெரியும். பாஸ்பரஸையும் பிணைநீரையும் சேர்த்து அளந்தால் கொலாஜனுக்கு எவ்வளவு தாது என்ற விகிதம் கிடைக்கும், அதில் இரண்டும் பிரிந்துவிடும். மனிதரின் காலில் இரண்டையும் சேர்த்து எடுக்க முடியும் என்று 2017-ல் வெர்லி குழு காட்டியது. கேள்வி இதுவாக இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள்.

## படமே இல்லாத என்.எம்.ஆர்.

இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஒரு எலும்புக்குப் பிணைநீர் ஒரு எண், துளைநீர் ஒரு எண் போதும் என்றால் படம் எதற்கு? மேலே சொன்ன 2011 அளவுகள் படமில்லாத என்.எம்.ஆரில் எடுக்கப்பட்டவை. எலும்புத் துண்டை வைத்து எக்கோ வரிசையை வாங்கி, தேய்மான வளைவைப் பிரித்தால் இரண்டும் சில நிமிஷத்தில் கிடைக்கும். வேதியியல் துறையில் இருக்கும் கருவியின் பொறுப்பாளரிடம் பேசிப் பாருங்கள். மஜ்ஜையைக் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் துளைநீர்க் கணக்கில் போய்ச் சேரும். கருவியில் மாதிரியை வைக்கும் புரோபின் சொந்தப் பிளாஸ்டிக் சிக்னலை, வெற்றுக் குழாயை வைத்து அளந்து கழிக்க வேண்டும். முடிந்ததும் அதே துண்டை அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தி எடை பார்த்தால் மொத்த நீர், 600 டிகிரியில் சாம்பலாக்கினால் தாது, என்.எம்.ஆர். சொன்னது சரியா என்று தராசே சொல்லிவிடும்.

## ஒரே பார்வையில்

| முறை | அளப்பது | தெளிவு | உயிருள்ளவரில் | பெரிய மறைசெலவு |
|---|---|---|---|---|
| மைக்ரோ சி.டி. | தாதுவின் வடிவம், அடர்த்தி | 5–20 மைக்ரோமீட்டர் | சிறு விலங்கு, மனிதருக்கு எச்.ஆர். பி.க்யூ.சி.டி. | எல்லைத் தேர்வு, டேட்டா அளவு |
| உயர் தெளிவு எம்.ஆர்.ஐ | பஞ்சு எலும்பு வலை | சுமார் 150 மைக்ரோமீட்டர் | முடியும் | அசைவு, தடித்துத் தெரிதல் |
| யு.டி.இ | பிணைநீர், துளைநீர் | 0.1–1 மில்லிமீட்டர் | முடியும் | சீக்வென்ஸ், இயற்பியலாளர், மாதங்கள் |
| ஸீரோ டி.இ. | எலும்பின் வடிவம் | மனிதரில் ஒரு மில்லிமீட்டர் ஒட்டி | முடியும், சத்தமில்லை | காற்று–எலும்புக் குழப்பம் |
| பாஸ்பரஸ் | தாதுவின் அளவு | மனிதரில் சில மில்லிமீட்டர் | கஷ்டப்பட்டு | தனி வன்பொருள், நீண்ட நேரம் |
| என்.எம்.ஆர். | பிணைநீர், துளைநீர் | படம் இல்லை | முடியாது | எலும்பை வெட்ட வேண்டும் |

## யாருக்கு எது

மரபணு மாற்றிய சுண்டெலி, பஞ்சு எலும்பின் வலை, எலும்பு முறிவு ஆறுதல், உள்வைத்த சாரக்கட்டில் தாது சேர்ந்ததா என்பது போன்றவை என்றால் மைக்ரோ சி.டி., இரண்டாவது யோசனை வேண்டாம். அதன் பக்கத்தில் எம்.ஆர்.ஐ படம் ஒன்றை வைத்தால் ஆய்வேடு கனமாகத் தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் ஒரு வருடம் போய்விடும்.

அடர்த்தி நன்றாக இருந்தும் எலும்பு ஏன் ஒடிகிறது என்பது கேள்வியானால் கணக்கு தலைகீழ். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதற்கு நேர் உதாரணம். அடர்த்தி இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கும், ஆனாலும் முறிவு அதிகம். சந்தேகம் கொலாஜன் மேலேயும் நுண்துளை மேலேயும்தான். எக்ஸ்ரேயை மட்டும் நம்பினால் பாதிக் கதைதான் கிடைக்கும். சிறுநீரக நோயும் இந்தப் பக்கம்தான்.

வரிசை முக்கியம். இரண்டு முறையும் செய்வதாக இருந்தால் ஈரம் தேவைப்படுவதை முதலில் செய்யுங்கள். மைக்ரோ சி.டி.க்கு ஆல்கஹாலில் ஊறவைத்து அனுப்பிய எலும்பு எம்.ஆர்.ஐக்குத் திரும்பி வந்து பயனில்லை. அதன் பழைய ஈரத்தை யாராலும் மீட்க முடியாது.

மாணவிக்கு நான் சொன்னது இது. பக்கத்துக்கு 24 எலும்பு இருக்கிறது. வலது பக்கத்தை நடுவில் வெட்டி, மஜ்ஜையைக் கழுவி, என்.எம்.ஆர்., அப்புறம் உலர்த்தி, சாம்பலாக்கி எடை. இது முதல் மாதமே முடிந்துவிடும், வித்தியாசம் இருக்கிறதா இல்லையா என்று அப்போதே தெரிந்துவிடும். இடது பக்கத்தைத் தொடாதே. வித்தியாசம் தெரிந்தால் அதில் ஆறேழு எலும்பை மட்டும் விலங்கு மெஷினில் யு.டி.இ எடு, நீர் எந்த இடத்தில் மாறியிருக்கிறது என்று பார்க்க. பிறகு இடது பக்கம் எல்லாவற்றையும் ஈரத் துணியோடே மைக்ரோ சி.டி., கடைசியில் மூன்று புள்ளியில் வளைத்து ஒடி. கைடும் சரி, அந்த அண்ணனும் சரி, இரண்டு பேர் சொன்னதும் இதற்குள் வந்துவிடுகிறது.

"அப்போ இன்னிக்கே எடுத்து வெளியே வைக்கவா அக்கா?" என்றாள். வேண்டாம், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடு, ஒவ்வொரு எலும்பையும் எத்தனை தடவை உறையவிட்டு இளக்கினாய் என்று நோட்டில் குறித்துவை, துணி காய்ந்திருந்தால் உப்புக் கரைசல் விட்டு மறுபடி சுற்று, யு.டி.இ.க்குப் போகும்போது லேபிளைக் குழாய் மேலே ஒட்டாமல் மாதிரியைத் தூக்கும் கம்பின் நுனியில், காயிலுக்கு வெளியே ஒட்டு என்றேன்.